பையைப் போட்டுப் பிடித்த இடம்

எங்கள் பக்கத்துப் பஸ்களில் இடம் பிடிக்க ஒரு முறை உண்டு. வண்டி பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே ஆண்கள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்கள், பெண்கள் பையைப் போடுவோம். பை கிடக்கிற சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதவில்லை. ஆனாலும் மீறி ஒருத்தி உட்கார்ந்துவிட்டால், ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் பேசியே அவளை எழுப்பிவிடுவார்கள். பையைப் போட்டவள் வராமலே போனால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அந்த முறையில் பதில் கிடையாது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறேன். வேலை ராஜபாளையத்தில் ஒரு தபால் அலுவலகத்தில். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார், மற்ற நாட்களில் போனில் அதிகாரம் செய்வார். காலை ஏழே கால் டவுன் பஸ்ஸைப் பிடித்தால்தான் தபால் பை பிரிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு அந்த பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. நான் ஏழு பதினாலுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாலும் மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் எனக்காகக் காத்திருக்கும். ஒருத்தி தன் சாப்பாட்டுப் பையை அங்கே போட்டு வைத்திருப்பாள்.

அவள் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்தாள். வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கிறவர். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வீடு. அந்தத் தெருவுக்குள் நான் போனதே இல்லை. போக வேண்டிய வேலை வந்ததில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். என்னை அவள் அக்கா என்பாள், வாங்க போங்க என்பாள். நான் அவளை நீ, வா, போ என்பேன். வயதில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள் என்பது ஒருநாள் அவள் ஆதார் நகலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவளும் மாற்றவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே வயதில் பெண் பிள்ளைகள். இரண்டு பேரும் அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தார்கள். நாலு மாதமாக எங்கள் பஸ் பேச்சு முழுக்க அதுதான். அவள் மகளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் கை வைத்துப் பார்க்க அந்தப் பெண் போய் நிற்பாளாம். என் மகளுக்கு என்ன ஆக வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் என்ன ஆவதாக இருந்தாலும் அதற்கு முதல் குரூப்தான் வேண்டும் என்று நானும் அவள் அப்பாவும் முடிவு செய்துவிட்டோம். கணக்கும் உயிரியலும் சேர்ந்து வருகிற குரூப்பைத்தான் எங்கள் ஊரில் முதல் குரூப் என்போம்.

முதல் குரூப்புக்கு நல்ல பெயர் வாங்கிய ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருந்தது. எது என்று எழுதப் போவதில்லை. தப்பு பள்ளியுடையது அல்ல, என்னுடையது. அரசுப் பள்ளிதானே, கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அங்கே அறுபது இடம். கேட்டு வருகிற பிள்ளைகள் அதைப்போல மூன்று மடங்கு. மதிப்பெண்ணையும் இனச்சுழற்சியையும் வைத்துப் பட்டியல் போடுவார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை இடம், அதற்குக் கீழே காத்திருப்போர் பட்டியல், மேலே இருக்கிற ஒருத்தி வரவில்லை என்றால் கீழே முதலில் இருப்பவள் உள்ளே போவாள். ஒளிவுமறைவு இல்லாத ஏற்பாடு. விண்ணப்ப எண்ணைப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பிறந்த வீடு வத்திராயிருப்பில். கொஞ்சம் வயல், கொஞ்சம் தென்னை. அண்ணன் போலீஸ். எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்தால் இரண்டாம் சோறு வருவதற்குள் பேச்சு இங்கே வந்துவிடும். "நம்ம பிள்ளைக எம்புட்டு எடுத்தாலும் வெளிய நிக்கணும். அவிய பாஸானாப் போதும், உள்ள போயிருவாக" என்பான் அண்ணன். அந்த 'அவிய'வில் மரியாதை இருக்காது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டியது மட்டும் அல்ல, "நியாயம் எங்க இருக்கு இந்தக் காலத்துல" என்று நானே எடுத்துக் கொடுத்தும் இருக்கிறேன். எதிர்த்துப் பேச அந்தப் பந்தியில் ஆள் கிடையாது, அதனால் நாங்கள் பேசியதெல்லாம் எங்களுக்குச் சரியாகவே பட்டது.

பரீட்சை முடிவு வந்தது. என் மகள் நானூற்று அறுபத்திரண்டு. அவள் மகள் நானூற்று நாற்பத்தேழு. விண்ணப்பம் வாங்க எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீங்க அலைய வேண்டாம்க்கா, நான் வரிசையில நிக்கும்போது உங்களுக்கும் சேத்து வாங்கியாறேன்" என்று அவள்தான் போய் இரண்டு படிவம் வாங்கி வந்தாள். பஸ்ஸில் வைத்து இரண்டையும் நான் நிரப்பினேன். தபால்காரி அல்லவா, படிவம் என்றால் கை தானாக ஓடும். சாதிச் சான்றிதழ் எண் எழுதுகிற இடம் வந்தபோது அவளிடம் சொன்னேன்:

"ஒனக்கென்ன. ஒம் பிள்ளைக்கு ஈசியாக் கெடச்சிரும். உங்களுக்குத்தான் தனியா இடம் இருக்குல்லா."

அவள் கோபப்படவில்லை. எனக்குத் தெரியாததை எனக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அது கோயிலுக்குப் போறவகளுக்குக்கா. நாங்க வேதக்காரங்கள்லா. எங்களுக்கு பி.சி.ன்னுதான் சர்டிபிகேட் குடுப்பாக. எங்க சின்னம்மா மக அடுத்த வீடுதான். அவ கோயிலுக்குப் போறா, அவளுக்கு அந்த லிஸ்ட்டு. எங்களுக்கு உங்க லிஸ்ட்டு."

"எங்க லிஸ்ட்டா?"

"ஆமாக்கா. தெருவு மாறல, லிஸ்ட்டுதான் மாறிருச்சு."

கோயிலுக்குப் போகிறவர்கள் என்று பழைய பெயரிலேயே சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்களாம். "ஞாயித்துக்கிழம பூசைக்குப் போயிட்டு, திங்கக்கிழம நான் போகலன்னு எழுதிக் குடுக்கவாக்கா? அப்படி வாங்குற சீட்டுல பிள்ள எப்படி உக்காரும்?" என்றாள். நான் சிரித்துவிட்டுப் படிவத்தை மடித்துக் கொடுத்தேன். பந்தியில் உட்கார்ந்து நாங்கள் திட்டிய 'அவிய'வில் ஒருத்தி, நிலம் நீச்சு வைத்திருக்கிற எங்களோடு ஒரே வரிசையில், ஒரே தகுதி மதிப்பெண்ணுக்கு நிற்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்ததும் வருத்தப்பட்டேனா என்றால் இல்லை. பதினைந்து மார்க் நாங்கள் அதிகம் என்று மனசுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் என் மகளின் எண் இருந்தது. அவள் மகளின் எண் காத்திருப்போர் பட்டியலில், முதல் வரியில்.

இதற்கு நடுவில் நான் இன்னொரு வேலையும் செய்திருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவர்களே ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுப்பார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் சேர்த்து அங்கேயே பயிற்சி. என் மகள் எழுதியிருந்தாள். முதல் பட்டியலில் பெயர் இல்லை, இரண்டாவதில் கண்டிப்பாக வரும் என்றார்கள். கணவருக்கு போன் போட்டால், "அது வர்ற வரைக்கும் கவர்மெண்ட் சீட்டை விட்டுறாத. கைல ஒண்ணு இருக்கட்டும்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். எங்கள் ஊரில் படித்த குடும்பம் எல்லாமே அதைத்தான் செய்கிறது. இரண்டு மூன்று இடங்களில் சேர்த்து வைத்துவிட்டு, எது ஆகிவருகிறதோ அதற்குப் போவார்கள். இதை யாரும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அரசுப் பள்ளியில் சேர வேண்டும் என்றால் மாற்றுச் சான்றிதழின் ஒரிஜினலைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க அலைய வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே அலுவலக எழுத்தர் எனக்குத் தெரிந்தவர். அவர் வீட்டுச் சேமிப்புக் கணக்குக்கெல்லாம் வரிசையில் நிற்க விடாமல் நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன். "ஒரிஜினல லேமினேஷன் போடக் குடுத்துருக்கேன் சார், ரெண்டு நாள்ல தாரேன்" என்றேன். மாற்றுச் சான்றிதழை யாரும் லேமினேஷன் போட மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேர்க்கைப் பதிவேட்டில் என் மகளின் பெயரைப் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதி வைத்தார்.

"சீக்கிரம் குடுத்துருங்க மேடம். கீழ ஆள் நிக்கி" என்றார்.

அந்தக் கீழே நின்ற ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் பஸ்ஸில் அவளைக் காணவில்லை. காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பதற்காக அரை நைட் ஷிஃப்ட்டுக்கு மாற்றி வாங்கியிருந்தாள். மாலையில் மில்லுக்குள் போனால் பாதி ராத்திரிக்கு வெளியே வருகிற ஷிஃப்ட் அது. வந்து படுத்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போய்விடுவாளாம், பட்டியல் நகர்ந்ததா என்று பார்க்க. அதை எனக்கு மில்லுக்குப் போகிற இன்னொரு பெண் சொன்னாள். எனக்கு அன்று ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன். கால் வலித்தது நன்றாக நினைவிருக்கிறது. மனசு வலித்ததாக நினைவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தனியார் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. இரண்டாம் பட்டியலில் என் மகள் பெயர் இருந்தது. மறுநாளே மகள் ஆசையாகக் கேட்டாள்: "அம்மா, அந்த ஸ்கூல்ல நாம வரலன்னு சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. வகுப்பில் நாலு நாள் உட்காரட்டும், பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். எங்கள் அம்மா வீட்டில் புது அரிசி வந்தாலும் பழைய மூட்டையை நாலு நாள் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். அந்தப் புத்திதான்.

பயம் மட்டும் என்று எழுதினால் பாதி உண்மை. இன்னொரு பாதியையும் எழுதிவிடுகிறேன். நாங்கள் விட்டால் அது அவளுக்குத்தான் போகும் என்பதும் என் மனசில் இருந்தது. போகக் கூடாது என்று நினைக்கவில்லை. போகட்டும், ஆனால் என்ன அவசரம் என்று நினைத்தேன். வேறு ஒருத்தியாக இருந்தால், என் பெரியம்மா மகளின் பெண்ணாக இருந்தால், அன்று சாயங்காலமே ஓடியிருப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் புதன்கிழமை காலை பஸ் நிலையத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை இல்லை. பஸ்ஸில் ஏறவும் இல்லை. கண் சிவந்து கிடந்தது, இரண்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டாள். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

"அக்கா, ஒரு உதவி. நம்ம லிஸ்ட்டுல யாரோ ஒரு பிள்ள இன்னும் ஒரிஜினல் குடுக்கலையாம். பேருக்குச் சேந்துட்டு வராம இருக்காகளாம். வெள்ளிக்கிழமையோட லிஸ்ட்ட முடிச்சிருவோம்னு சொல்லுதாக. அந்த கிளார்க் சாரு உங்களுக்குப் பழக்கந்தான. அவிய வாராகளா, வரலியான்னு செத்தக் கேட்டுச் சொல்லுதீகளா?"

இப்போது இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. "அது நாங்கதான், இன்னைக்கே போய் எழுதிக் குடுத்துடுதேன்" என்று சொல்ல ஐந்து வினாடி ஆகியிருக்காது. பஸ் ஹாரன் அடித்தது.

"கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

"சரிக்கா. உங்கள நம்பிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஆய்வு இருந்தது. அது உண்மை. ஆனால் ஆய்வு நடந்தாலும் மத்தியானம் அரைமணி நேரம் வெளியே போக முடியும், டீ குடிக்கப் போனேன். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கு போன் அடித்தேன். வேறு அழைப்பில் இருப்பதாக வந்தது. ஒரே ஒரு தடவைதான் அடித்தேன். திங்கட்கிழமை நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம், தெரிந்தவர்தானே, தேதி எல்லாம் சும்மா எழுதி வைப்பதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தபால் தலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை போனேன். எழுத்தர் முகத்தில் சிரிப்பு இல்லை. பென்சில் எழுத்தை அழித்தார். அழிப்பான் தூளை ஊதிவிட்டுச் சொன்னார்: "நீங்க வெள்ளிக்கிழம ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் மேடம். உங்க பிள்ள பேரோடயே லிஸ்ட்ட முடிச்சு மேல அனுப்பியாச்சு. அந்தப் பிள்ள சனிக்கிழம வேற ஸ்கூல்ல காமர்ஸ் சேந்துருச்சு. சர்டிபிகேட்டெல்லாம் அங்க குடுத்தாச்சாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அவளும் மகளும் வாசலில் நின்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மற்றப் பள்ளிகளிலும் உயிரியல் உள்ள குரூப் நிறைந்துவிட்டது. வணிகவியலில்தான் இடம் இருந்ததாம். அதையும் விட்டால் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

வணிகவியல் படித்தால் கெட்டுப்போகவில்லைதான். எத்தனையோ பேர் படித்து நன்றாக இருக்கிறார்கள். என்னிடம் யாராவது கேட்டால் நானே அப்படித்தான் ஆறுதல் சொல்வேன். ஆனால் உயிரியல் படிக்காத பிள்ளை நர்ஸ் பட்டப்படிப்புக்கு விண்ணப்பமே போட முடியாது. அந்தக் கதவு அந்தச் சனிக்கிழமையோடு சாத்திவிட்டது.

பிறகு நான் ஏழே கால் பஸ்ஸில் போகவில்லை. ஏழே முக்கால் பஸ்ஸில் போய் தாமதமாகி, தபால் அதிகாரியிடம் திட்டு வாங்கினேன். அவள் பழையபடி பகல் ஷிஃப்ட்டுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சில நாள் எனக்காகப் பையைப் போட்டு வைத்துவிட்டு, நான் வராததைப் பார்த்து எடுத்துக்கொண்டாளாம். கல்யாணப் பந்திகளில் அண்ணன் பழையபடி ஆரம்பிக்கும்போது நான் கை கழுவ எழுந்து போய்விடுவேன். ஒருமுறை மட்டும், "அண்ணே, சீட்ட யாரு புடுங்குதான்னு எனக்குத் தெரியும், விடு" என்றேன். அவன் நான் அவன் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு மேலும் பேசினான்.

இரண்டு வருடம் போயிற்று. என் மகள் பிளஸ் டூ முடித்து கோயம்புத்தூரில் பொறியியல் சேர்ந்தாள். போன வருடம் ஒருநாள் அந்த அரசுப் பள்ளியின் உயிரியல் டீச்சர் பதிவுத் தபால் அனுப்ப எங்கள் கவுண்டருக்கு வந்தார். பசை ஒட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். போன தடவை முடித்த பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். நல்ல பிள்ளைகள் என்றவர், தானாகவே சொன்னார்:

"ஆனா அறுவது இடத்துக்கு அம்பத்தொம்பது பேர்தான் மேடம். கடைசி நேரத்துல யாரோ வரலன்னுட்டாக. மூணாவது பெஞ்சு ஓரத்துல ரெண்டு வருசமும் ஒரு எடம் காலியாவே கெடந்துச்சு. எத்தன பிள்ளைக கேட்டு அலைஞ்சுதுக, பாவம்."

நான் ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். அதுவரை, வேறு யாரோ ஒரு பிள்ளையை அந்த இடத்தில் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்தது இல்லை, நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒருத்தியிடமிருந்து பறித்தது இன்னொருத்திக்காவது போயிருக்கும் என்பதில் ஒரு நிம்மதி இருந்திருக்கிறது, அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மீதி நேரம் முழுக்க முத்திரையைத் தப்புத் தப்பாகக் குத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து ஆட்கள் வருகிற நேரம் பார்த்து, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்குள் போனேன். வீட்டைக் கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. நாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளின் வீட்டுக்கு.

"வாங்கக்கா, வாங்க" என்று எழுந்தாள். இளைத்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நலம் விசாரிக்கிற பேச்சு நீண்டால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று நேராக ஆரம்பித்தேன். ஒரிஜினல் கொடுக்காமல் வைத்திருந்தது நாங்கள்தான், அவள் என்னிடம் கேட்ட அன்றைக்கு எங்களுக்கு அந்த இடம் தேவையே இல்லை, தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று பட்டது, ஆனாலும் நிற்கவில்லை.

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"தெரியுமா?"

"ரெண்டு ஃபாரமும் நான்தான வாங்குனேன். அடுத்தடுத்த நம்பரு. எந்த நம்பரு ஒரிஜினல் குடுக்கலன்னு கிளார்க் சாரே சொன்னாரு."

"பொறவு எதுக்கு யாரோன்னு கேட்ட?"

"நேரா கேட்டா நீங்க இல்லன்னுதான் சொல்லிருப்பீக. ஒருதடவ இல்லன்னு சொல்லிட்டா பொறவு அந்த வார்த்தைய எப்படித் திருப்பி எடுப்பீக? யாரோன்னு கேட்டா, யாருக்கும் தெரியாமப் போய்க் குடுத்துட்டு வந்திருவீகன்னு நெனச்சேன். உங்களுக்கும் சங்கடம் இருக்காதுல்லா."

நாள் கணக்காகத் தூக்கம் இல்லாத கண்ணோடு, தன் பிள்ளையின் இடத்தைக் கேட்க வந்தவள், என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிக் கேட்டிருக்கிறாள். "என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவளை நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல்தடவை. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ள இப்பம் வந்திரும். அதுகிட்ட நான் இதச் சொல்லலக்கா. ஒனக்கு மார்க்கு பத்தலன்னு சொல்லி வச்சிருக்கேன். யார் மேலயும் அதுக்கு வெறுப்பு வந்திரக் கூடாதுன்னு. ஆனா அது அன்னையிலருந்து தன்ன மட்டம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. நல்லாப் படிக்கும், இப்பம் ஒரு பரீட்சைக்குப் போகச் சொன்னாலும், எனக்கு எங்க கெடைக்கப் போகுதுன்னு சொல்லுது. நான் இப்பம் மாத்திச் சொன்னா நம்பாது. நீங்க சொல்லுங்க."

என்னிடம் அவள் கேட்ட இரண்டாவது உதவி அது.

அந்தப் பெண் உள்ளே வந்தாள். பி.காம். முதல் வருடம். அம்மாவைவிட உயரம். என்னைப் பார்த்ததும் ஸ்தோத்திரம் சொல்வதா வணக்கம் சொல்வதா என்று தயங்கிவிட்டு, "வாங்க பெரியம்மா" என்றாள். உட்காரச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்ததால் பார்த்தே சொன்னேன்.

"ஒனக்கு மார்க்கு பத்தாம இல்லம்மா. உன் மார்க்கு போதும். நீதான் அடுத்து. உனக்கு இடம் இருந்துச்சு. அத நான் எம் பிள்ளைக்குன்னு பிடிச்சு வச்சிருந்தேன். எங்களுக்குத் தேவையில்லன்னு தெரிஞ்ச பொறவும் விடல."

"மொத்தம் எத்தன நாளு பிடிச்சு வச்சிருந்தீக பெரியம்மா?"

"பதினோரு நாளு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். அந்தப் பெண் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். தனக்குள் ஏதோ கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற மாதிரி உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்தாள். கோபம் இல்லை. தன்னைப் போலவே அந்த வாசலில் நின்ற வேறொரு பிள்ளைக்காவது அது போயிருக்கும் என்கிற எண்ணம்தான் அவள் முகத்தில் இருந்தது.

"அந்த இடத்துல பொறவு யாரு பெரியம்மா உக்காந்தா?" என்று கேட்டாள்.

"யாரும் உக்காரலம்மா" என்றேன்.